எழுபது என்றுதான் படித்தேன்

செய்யாரில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் புதுக் கிளை திறக்கப் போகிறார்கள். பில்லிங்கில் எனக்குப் பிறகு வந்து உட்கார்ந்த கவிதாவை அங்கே பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். போன மாதம் போன் செய்தாள். "டீச்சர், ரிப்பேர் மேனுவலைப் புக்கா வாங்கி வெக்கலாமா, இல்ல டேப்பே போதுமான்னு சார் கேக்கறாரு. ரெண்டுலயும் இருந்தவங்க நீங்கதான். ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

டேப் என்கிற அந்தக் கைக் கம்ப்யூட்டர் பலகையே போதும், புத்தகம் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "நீங்களா டீச்சர் இதைச் சொல்றீங்க?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. டேப் உள்ளே வரக்கூடாது என்று முதலாளி அறையில் நின்று மல்லுக்கட்டியவளே நான்தான். அதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் இன்னும் பேச்சாக ஓடிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. அதனால் அவளுக்கு ஒரு வரியில் எழுதிக் கொடுக்க வேண்டியது இவ்வளவு நீண்டுவிட்டது.

டீச்சர் என்பது பட்டப்பெயர். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஆங்கிலம் படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, வேலை வரும் வரும் என்று காத்திருந்து, வராமல் போய், லாரி, வேன் ரிப்பேர் செய்கிற ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்தவள். சேர்ந்த அன்று ஒரு மெக்கானிக் பேரிங் கேட்டு வந்து, கையெழுத்துப் போடாமல் எடுத்துக்கொண்டு போனான். நான் ஜன்னலில் இருந்தபடியே அவனைக் கூப்பிட்டுத் திட்டினேன். ஒரு லாரி எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் என் குரல் ஷெட்டின் அந்தக் கோடி வரைக்கும் போயிருக்கிறது. வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்வதற்காகத் தரையில் வெட்டிய குழிக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அதுதான் போர்மேன் அன்வர் பாய்.

குரலுக்குக் காரணம் எங்கள் தெரு. வரிசையாகப் பட்டுத்தறி வீடுகள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசினால்தான் சாப்பாடே கிடைக்கும். அப்பா தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துச் சொல்வது என் வேலை. நாடா ஓடுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் "என்னா சொன்ன?" என்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதம் வாசிக்கவும் என்னைத்தான் நிறுத்துவார்கள். மைக் கெட்டுப்போனால் போதகர் கவலைப்படுவதில்லை.

அன்வர் பாய் அன்று சாயந்திரமே பெரிய முதலாளியிடம் போய், "அந்தம்மா கொரல் குழிக்குள்ள வரைக்கும் வருது. புஸ்தகத்துக்கு அவங்களைப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள்தான் தெரிந்தது.

அவர் வைத்த சட்டம் இது. கையில் கிரீஸ் இருக்கிறவன் புத்தகத்தைத் தொடக்கூடாது. புத்தகத்தைத் தொட்டவன் ஸ்பேனரைத் தொடக்கூடாது. ஆகவே ஒரு வண்டிக்கு இரண்டு பேர், கீழே ஒருவர், மேலே ஒருவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. எழுத்துக் கூட்டி நன்றாகவே படிப்பார். ஆனால் கண்ணைப் புத்தகத்தில் வைத்தால் கை தன் பாட்டுக்கு எதையாவது செய்துவிடும் என்பது அவர் கட்சி.

முதலில் வண்டியின் சேசிஸ் நம்பரை அவர் சொல்ல வேண்டும். அது இந்தப் புத்தகத்தில் அடங்கும் வண்டிதானா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு வேலையின் தலைப்பு. பிறகு ஒவ்வொரு படியாக. ஆங்கிலத்தில் மனசுக்குள் ஒரு தடவை, தமிழில் வாய்விட்டு ஒரு தடவை. எண் வந்தால் அதை அவர் திருப்பிச் சொல்வார். செய்து முடித்ததும் "ஆச்சு" என்பார். அந்த "ஆச்சு" வராமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால் அந்தப் படியை முதலிலிருந்து படிக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் அப்படித்தான்.

இடது, வலது என்ற சொல்லே எங்களிடம் கிடையாது. குழிக்குள் அண்ணாந்து நிற்பவனுக்கு அவன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறானோ அதைப் பொறுத்து இடது வலது மாறும். டிரைவருக்கு வேறு. புத்தகத்துக்கு வேறு. இந்தப் பேஜாரே வேண்டாம் என்று பாய் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எங்கள் ஷெட்டில் வண்டி எப்போதும் ஒரே வாசலில் மூக்கை நுழைத்துத்தான் குழி மேல் வரும். அப்படி நின்றால் ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கோட்டை. அதனால் உலகத்தில் எந்தக் கம்பெனி செய்த எஞ்சினாக இருந்தாலும் எங்களுக்கு அதில் ஆத்துப்பக்கமும் கோட்டைப்பக்கமும் உண்டு. வெளியூரில் வேலை பழகி வந்த பையன்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாம் வாரம் சோற்றுத் தட்டையே "ஆத்துப்பக்கம் தள்ளுடா" என்பார்கள்.

பாய் அதிகம் பேசமாட்டார், யாரையும் வாடா போடா என்று கூப்பிட்டும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் ஸ்பேனரைத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நூறு தடவை செய்த வேலையாக இருந்தாலும் படிக்கச் சொல்வார். "மனப்பாடம் ஆயிடுச்சே பாய், இன்னும் எதுக்கு?" என்று ஒருதரம் கேட்டேன். "எனக்கும் ஆயிடுச்சு டீச்சர். ரெண்டு பேருக்கும் மனப்பாடம் ஆனாதான் பயம்" என்றார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வீட்டில் நான் படிப்பதைக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை. வீட்டுக்காரர் டிவியோடு குடும்பம் நடத்தினார். இங்கே ஒரு மனிதர், கெட்டிக்காரர், நான் வாயைத் திறக்கிற வரைக்கும் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார். நான் சொன்ன வார்த்தை கீழே போய் ஒரு வேலையாக மாறி, "ஆச்சு" என்று திரும்பி வரும். எனக்கு அவரைப் பிடிக்கும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுத வந்தேன். எடுத்துக்கொண்டாலும் இந்த வயதில் எனக்கு என்ன ஆகிவிடப் போகிறது.

கான்வென்ட் வேன் வந்தது அதற்கெல்லாம் வெகு நாள் கழித்து. பெரணமல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து பிள்ளைகளை ஏற்றி வருகிற வேன். பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று டிரைவர் சேவியர் கொண்டு வந்து விட்டார். மறுநாள் காலை பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும், ஜல்தி முடித்துக் கொடுங்கள் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, திரும்ப மாட்டுகிற நேரம். பிரேக்கைத் தாங்கிப் பிடிக்கிற பெரிய போல்ட்டுகளை இவ்வளவு இறுக்க வேண்டும் என்று புத்தகத்தில் கணக்கு இருக்கும். அதற்கென்று ஒரு ரெஞ்ச் உண்டு. அந்த எண்ணுக்கு அதைத் திருப்பி வைத்துவிட்டு இழுத்தால், அந்த அளவு வந்ததும் டக் என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதற்கு மேல் இழுக்கக்கூடாது. நான் "கோட்டைப்பக்கம், பெரிய போல்ட்டு, எழுவது" என்றேன். எங்கள் ஊர் வாயில் எழுபது எழுவதுதான், இருபது இருவதுதான். பக்கத்தில் ஒரு லாரி எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. பாய் கீழேயிருந்து எண்ணைத் திருப்பிச் சொன்னார். என் காதில் எழுவது என்றுதான் விழுந்தது. அவர் சொன்னது இருவது.

டக் என்று சத்தம் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தவளுக்கு, எழுபதுக்கு எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்பது மூச்சு விடுகிற மாதிரி தெரியும். இது பாதி மூச்சில் வந்துவிட்டது. "பாய், நிறுத்துங்க" என்றேன். அவர் "ஆச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த போல்ட்டுக்குப் போனார். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். ஷெட்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவர் ஒருவரைத் தவிர. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வேனின் தகட்டில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன். அந்த அதிர்வுக்குத்தான் நிமிர்ந்தார்.

"இருவது இல்ல பாய், எழுவது."

அவர் ரெஞ்சைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை, கூட்டத்தில் கையிலிருந்த குழந்தையைத் தவறவிட்டவர் முகம் மாதிரி இருந்தது. மேலே ஏறி வந்தார், கையைக் கழுவினார், டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து எல்லா போல்ட்டையும் தளர்த்திவிட்டு, தலைப்பிலிருந்து படிக்கச் சொன்னார். "சார், எனக்கு நேரமாவுது" என்றார் சேவியர். "உங்க வண்டில கொயந்தைங்க போறாங்க. உக்காருங்க" என்றார் பாய். அந்த லாரி எஞ்சினையும் நிறுத்தச் சொன்னார். இந்தத் தடவை ஒவ்வொரு டக்குக்கும் நான் தலையாட்டிய பிறகுதான் அடுத்ததற்குப் போனார். இருட்டுவதற்குள் வேன் போய்விட்டது.

மறுநாள் வேலைக்கு வந்ததும் இரண்டு புதுச் சட்டம் போட்டார். ஒன்று, இனிமேல் எண்ணை முழுதாகச் சொல்லக்கூடாது, தனித்தனியாகத்தான். எழுபது என்றால் "ஏழு, சைபர்." இருபது என்றால் "ரெண்டு, சைபர்." இரண்டாவதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "டீச்சர், மேல நின்னுகினு படிக்காதீங்க. குழிக்குள்ள படி இருக்குது இல்ல, அதுல எறங்கி உக்காந்து, என்னைப் பாத்துச் சொல்லுங்க."

படியில் உட்கார ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். எண்ணெய் படாமல் அதன் மேல் தினமும் ஒரு பழைய துணியை விரிப்பார். அதுவரை நான் மேலேயிருந்து ஒரு வண்டிக்குத்தான் படித்திருக்கிறேன், மனிதருக்கு இல்லை. இப்போது கைக்கெட்டுகிற தூரத்தில் அவர் முகம். நான் வாயைத் திறந்ததும் கண் எடுக்காமல் பார்ப்பார். ஒரு வரி முடிகிற வரைக்கும் இமைக்கக்கூட மாட்டார். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்தில் தாலி கட்டினவரே பாதி நேரம் போட்டோக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் நல்ல புடவையாகக் கட்ட ஆரம்பித்தேன். மெக்கானிக் பையன்கள் "டீச்சருக்கு இப்பல்லாம் டெய்லி ஈஸ்டர்" என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். என் வேலைக்காலத்தில் எதைத் திரும்பக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாய் என்று கர்த்தர் கேட்டால், அந்தப் படியைத்தான் கேட்பேன்.

பெரிய முதலாளி படுக்கையில் விழுந்து, மகன் பொறுப்புக்கு வந்தபோதுதான் டேப் பேச்சு எழுந்தது. வண்டிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து சுவரில் படம் காட்டினார். இனி அச்சுப் புத்தகம் தானாக வராது, வேண்டுமென்றால் தனியாக எழுதி வாங்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் டேப்பிலேயே கிடைக்கும் என்றார். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். சின்ன முதலாளிக்கு டேப் மேல் ஆசை. ஆனால் "பாய் சரின்னா சரி" என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

எனக்கு வேலை போய்விடும் என்ற பயமில்லை, பில்லிங்குக்கு மாற்றுவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். சம்பளம்கூடக் கொஞ்சம் ஏறும். எனக்குப் போகப் போவது அந்தப் படி. டேப் வந்தால் மெக்கானிக் தானே பார்த்துக்கொள்வான், படித்துச் சொல்ல ஆள் எதற்கு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரோடு மாரடிக்க வேண்டியதுதான்.

ஆகவே பேசினேன். கிரீஸ் விரலுக்கு அந்தக் கண்ணாடி நகராது என்றேன். கரண்ட் போனால், நெட் போனால், வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பதா என்றேன். புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் விரலை வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கலாம், இதில் முடியுமா என்றேன். சின்ன முதலாளி பொறுமையாகக் கேட்டார். "புக்குல தப்பு வந்தா கம்பெனி திருத்தம் அனுப்புதே ஆன்ட்டி, அது வந்து சேர்றதுக்குள்ள எத்தனை வண்டி போயிடுது?" என்று மட்டும் கேட்டார். திருத்தத் தாள் தபாலில் வந்ததும் மைதாப் பசை காய்ச்சி உரிய பக்கத்தில் ஒட்டுகிறவள் நான்தான். ஒட்டுவதற்குள் போன வண்டிகளைப் பற்றி நானும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். "எல்லாத்துக்கும் மேல, படிக்கறவங்க வேற, செய்யறவங்க வேறன்னு பாய்தான சட்டம் போட்டாரு. அவரையே கேளுங்க" என்றேன்.

பாய் நான் பேசி முடிக்கிற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம்தான் பேசுவார் என்று எனக்கு நிச்சயம்.

"தம்பி, டேப்பே வாங்கிடுங்க" என்றார்.

"ஏன் பாய்?" என்றார் சின்ன முதலாளி. பாய்க்கு அது கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன முதலாளி எழுந்து வந்து முன்னால் நின்று திரும்பக் கேட்டார்.

"எனக்குக் காது போயிடுச்சு தம்பி. கான்வென்ட் வேன் வந்துச்சே, அதுக்கு முன்னாடியே கொறைஞ்சுகினு வந்துச்சு. இவங்க வாயைப் பாத்துகினுதான் இத்தினி நாளு வேலையை ஓட்டிகினு இருக்கேன். நாளைக்கு டீச்சருக்கு ஒரு ஜுரம் வந்து லீவு போட்டா நான் யாரு வாயைப் பாக்கறது? படம் இருந்தா எனக்குக் கண்ணு போதும். இல்ல, காது கேக்காதவன் போர்மேனா இருக்கக் கூடாதுன்னா அதையும் சொல்லிடுங்க."

தன் வேலையையே மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டுப் பேசினார். சின்ன முதலாளி நல்ல பிள்ளை. "இருங்க பாய், நீங்க எங்க போறீங்க" என்று சொல்லி, அந்த வாரமே வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தார். கவிதா கேட்டதற்குப் பதிலும் பாய் சொன்னதுதான். புத்தகம் நல்லதுதான், ஆனால் நாங்கள் அதைப் படித்த முறைக்கு ஒரு தொண்டையும் ஒரு காதும் கெடாமல் இருக்க வேண்டும். அப்படி எந்த மனுஷருக்கும் இருப்பதில்லை. பிள்ளைகள் ஏறுகிற வண்டியை அதை நம்பி விடக்கூடாது. அன்று அவர் சொன்னது சரி என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஆனால் அன்று நான் அழுததும் உண்டு, டேப் ஜெயித்ததற்காக இல்லை. ஸ்டோருக்குப் போய்ப் பெல்ட்டுகள் தொங்குகிற மூலையில் நின்று அழுதேன். படியில் உட்காரச் சொன்னது, துணி விரித்தது, கண்ணெடுக்காமல் பார்த்தது, எல்லாம் காதுக்காகத்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். இருந்தாலும் ஒருவர் தன் குறையை மறைப்பதற்கு என் முகத்தை நம்பியிருக்கிறார், அது சின்ன விஷயமா என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். பாதி சமாதானம்தான் ஆனது.

டேப் வந்தது. கிரீஸ் விரலுக்கு நகரவில்லைதான், பையன்கள் அதற்கென்று ஒரு குச்சியைக் கண்டுபிடித்தார்கள். காது மிஷினைப் பாய் ஷெட்டுக்குள் மாட்டுவதில்லை. "மாட்டினா எஞ்சினும் சேந்து மண்டைக்குள்ள கத்துது" என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நான் பில்லிங்கில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் குழிக்குள் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். எதிர்ப்பட்டால் சிரிப்பார். "நல்லா இருக்கீங்களா டீச்சர்" என்பார். நான் தலையாட்டுவேன்.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு மத்தியானம், ஜாப் கார்டு ஒன்றில் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். குழியில் வண்டி இல்லை. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் டேப். மேலே நின்ற எனக்கு, அவர் தோளுக்கு மேலாக, சட்டைப் பையில் கிடந்த மிஷினின் ஓரம் தெரிந்தது.

"பாய், அன்னிக்கு என்னைக் கிட்ட வந்து உக்காரச் சொன்னீங்களே, அது காதுக்காக மட்டும்தானா?" என்று கேட்டேன். அந்த ஷெட்டுக்குள் நான் ஒருபோதும் பேசாத குரலில், வீட்டில் விளக்கணைத்த பிறகு பேசுகிற குரலில் கேட்டேன்.

அவர் குச்சியால் படத்தைத் தள்ளி அடுத்ததைப் பார்த்தார்.

இரண்டடி நடந்து முன்னால் போய் நின்றிருந்தால் என் வாயைப் பார்த்திருப்பார். பதில் சொல்லியிருப்பார், பொய் சொல்கிற மனிதர் இல்லை. நான் போகவில்லை. கார்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தம் இல்லாமல் நடக்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல், திரும்பி வந்துவிட்டேன்.